முப்பத்திரண்டு அடுப்புகள்

பொன்னி ஹார்டுவேர்ஸில் காலையில் விழும் முதல் பில்லின் அடியில் ‘பில் போட்டவர்: பொன்னி’ என்று அச்சாகியிருக்கும். பொன்னி அக்கா இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்து அந்த பில்லைப் போடுபவர் அவர் கணவர் பூவராகன், நாங்கள் சார் என்று கூப்பிடும் எங்கள் முதலாளி. கடையில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்த மாதிரி யாரும் காட்டிக்கொள்ள மாட்டோம்.

நான் ஜெயஸ்ரீ. அந்தக் கடையின் கம்ப்யூட்டர்களுக்கு நான்தான் பொறுப்பு. பொறுப்பு என்றால், எல்லாம் ஒழுங்காக ஓடும்போது யாரும் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நின்றுபோனால் நான் தட்டில் கை வைத்திருக்கும்போது ஃபோன் வரும். அஸ்தினாபுரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரம்மா ஃபோன் மணியைக் கேட்டே "என்ன, கடை படுத்துடுச்சா?" என்று விசாரிக்கும் அளவுக்குப் பழகிவிட்டார். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று கடையில் சொல்வார்கள். வராமல் வேறென்ன செய்யும்?

மேற்குத் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல் பெரிய கடை. அஸ்தினாபுரம், கூடுவாஞ்சேரி, நாவலூர் மூன்றிலும் கிளைகள். காலி மனையெல்லாம் வீடாகிக்கொண்டிருந்த காலம் அது. கூடுவாஞ்சேரிப் பக்கம் சாருடைய குடும்பம் நெல் விளைத்த நிலத்திலும் வீடுகள் எழும்பி, அந்த வீடுகளுக்கு பைப்பும் பெயின்ட்டும் எங்களிடமே வாங்கினார்கள். காலையில் ஷட்டர் ஏறும்போதே மேஸ்திரிகளும் பிளம்பர்களும் வாசலில் நிற்பார்கள். வெயில் ஏறுவதற்குள் சாமான் கையில் கிடைக்காவிட்டால் அவர்களுடைய அன்றைய வேலை கெட்டது. நான்கு கடைகளின் பில்லும் தாம்பரத்தில், மாடியில் ஏ.சி. அறைக்குள் இருக்கும் ஒரே சர்வரில்தான் ஓடும்.

அக்காவுக்கு முதல் போணி என்பது சாமி காரியம். இரும்பில் போணி ஆகக் கூடாது என்பார். ஆணி கேட்டு வந்தாலும் சரி, கம்பி கேட்டு வந்தாலும் சரி, முதலில் வருகிறவர் ஒரு நூல்கண்டு வாங்கியாக வேண்டும். சுவர் நேராக வருகிறதா என்று மேஸ்திரிகள் இழுத்துக் கட்டுவார்களே, அந்த நூல். பெரும்பாலும் முதலில் வருகிறவர் குப்பன் மேஸ்திரிதான். கோவளத்துப் பக்கம் மீன் பிடிக்கிற வீட்டில் பிறந்து, கடல் ஒத்துக்கொள்ளாமல் கொத்து வேலைக்கு வந்தவர். அவருக்குக் கைராசி என்று அக்கா அடித்துச் சொல்வார். குப்பன் வாங்கிய நூலைப் பிரித்தால் திண்டிவனம் வரைக்கும் போகும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

போணி செய்தவரைக் கடையில் காத்து நிற்கவைக்கக் கூடாது என்பது அக்காவின் இன்னொரு சட்டம். அவருக்கு வேண்டிய மற்ற சாமானையும் உடனே கட்டிக் கொடுத்து, கை நிறைய அனுப்பிவைக்க வேண்டும். அவர் நின்றால் அன்றைய வியாபாரமும் நிற்கும் என்பார். ஒருமுறை பெயின்ட் எடுக்கத் தாமதித்ததற்காக கவுண்டர்க்காரர் ஒருவரை அக்கா வாங்கு வாங்கென்று வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

கடைக்கு கம்ப்யூட்டர் வந்தபோதும் அக்கா எதையும் விட்டுக்கொடுக்கவில்லையாம். பில்லிங் புரோகிராம் எழுதியவன் பரணி. குரோம்பேட்டைக்காரன், இப்போது நாவலூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, போணிக்கென்று தனியாக ஒரு திரையே எழுத வைத்தார். கல்லாவை ஒட்டிய கண்ணாடி அறையில், அக்காவின் மேஜையில் மட்டும்தான் அந்தத் திரை வரும். அதில் நூல்கண்டுக்கு பில் போட்டு, ‘போணி முடிந்தது’ என்று மூடிவிட்டு, அக்கா காபி குடிக்கப் போவார்.

அக்கா போன பிறகு அந்த அறைக்குள் சார் மட்டும்தான் போவார். குப்பனிடம் நூல்கண்டையும் பில்லையும் கொடுப்பார், வெளியே வந்து கதவைப் பூட்டுவார், சாவியை ஜேபியில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். குப்பன் அக்கா காலத்தில் சொன்ன மாதிரியே கண்ணாடி அறையைப் பார்த்து "வர்ட்டாக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் கடையை விட்டுக் கிளம்புவார். அக்காவின் பாடைக்குத் தோள் கொடுத்தவர் அவர்.

சாருடைய வாயிலிருந்து ‘இறந்துட்டா’ என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. வெளியூரிலிருந்து வரும் பெயின்ட் கம்பெனி ஆள் யாராவது தெரியாமல் மேடம் எங்கே என்று கேட்டுவிட்டால், "உள்ள இருக்கா" என்பார். கேட்டவர் கண்ணாடி அறையை எட்டிப் பார்ப்பார். நாங்கள் அவசரமாக ஏதாவது வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவோம்.

அது இரண்டாயிரத்து எட்டாம் வருடம். தினமும் மின்வெட்டு. பழைய சர்வர் கரண்டைத் தின்று சூட்டைக் கக்கும் ஜாதி. அதைக் குளிரவைக்க ஏ.சி., இரண்டுக்கும் சேர்த்து ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க பெட்ரோல் பங்கில் வரிசை. போதாக்குறைக்குப் போன வருடத்திலிருந்தே பில் மெதுவாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. பெட்டிக்கு வயதாகிவிட்டது, வேறொன்றுமில்லை என்று நான் முடிவு கட்டினேன்.

புதிய சர்வரைப் பற்றிச் சொன்னவர் சம்பத், நாவலூரில் ஒரு டீலரிடம் இருக்கும் இன்ஜினியர். அதுவரை சர்வர் செய்கிறவர்களுக்கு ஒரே வெறி, ஒரு மூளையை மேலும் மேலும் வேகமாக ஓடவைப்பது. வேகம் ஏற ஏறச் சூடும் ஏறும், கரண்டும் ஏறும். இந்தப் புதிய சில்லைச் செய்தவர்கள் வேறு மாதிரி யோசித்திருந்தார்கள். ஒரே சில்லுக்குள் எட்டு மூளைகள். ஒவ்வொன்றும் நான்கு வேலைகளை மாற்றி மாற்றிப் பார்க்கும். ஒரு வேலை மெமரியிலிருந்து தகவல் வரக் காத்திருக்கும் நேரத்தில் சும்மா நிற்காமல் அடுத்ததைத் தொட்டுக்கொள்ளும். ஆக, ஒரே சமயத்தில் முப்பத்திரண்டு வேலைகள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நிதானம்தான். ஆனால் ஒரு கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது ஒருவருக்கு மட்டும் அவசரமாகச் செய்து என்ன பயன்? கரண்ட்டும் பழையது தின்றதில் பாதிகூட ஆகாது.

சாருக்கு நான் சமையல் கணக்கில் சொன்னேன். பழையது ஒரே ஒரு பெரிய அடுப்பு, தீ கூரையைத் தொடும். புதியது முப்பத்திரண்டு சின்ன அடுப்பு, கல்யாணப் பந்திக்கு எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவள் இருந்தால் வாங்கியிருப்பாளா என்று சார் கேட்டார். கரண்ட் பில்லைப் பார்த்த அன்றைக்கே வாங்கியிருப்பார் என்று சொன்னேன். அது உண்மை. அதன்பின் அவர் மறுப்புச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு விடுமுறை நாளில், நானும் சம்பத்தும் புதிய பெட்டியை ஏற்றினோம். பழைய பில்களை எடுத்து எல்லா கவுண்டரிலிருந்தும் ஒரே நேரத்தில் விட்டுப் பார்த்தோம். பறந்தது. முப்பத்திரண்டு அடுப்பும் எரிந்தன. ஏ.சி.யை நிறுத்தியும் பெட்டி சூடாகவில்லை. சம்பத்துக்கு நானே போய் டீ வாங்கி வந்தேன் என்றால் என் சந்தோஷத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை மானம் போயிற்று. பில் விழவே இல்லை. விழுந்தாலும் ஒவ்வொன்றாக, பழைய பெட்டியைவிட மெதுவாக விழுந்தது. கூடுவாஞ்சேரியிலிருந்து ஃபோன், நாவலூரிலிருந்து ஃபோன். கவுண்டர்களில் வரிசை தெரு வரைக்கும் போயிற்று. சம்பத் ஓடிவந்து பார்த்துவிட்டு, பெட்டியில் ஒரு குறையும் இல்லை மேடம் என்று பெற்ற பிள்ளைக்குப் பரிந்து பேசுவதுபோலப் பேசினார். செவ்வாயும் அப்படியே. மூன்றாம் நாள் மேஸ்திரிகள் எதிர்க்கடைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் சார் என்னைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார்.

"இந்தப் பெட்டிக்கு ராசி இல்லம்மா. அவ கை படாம கடைக்கு வந்த முதல் சாமான் இதான். சனிக்கிழமை வந்து எடுத்துக்கினு போகச் சொல்லிடு."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ராசி பார்த்துத்தான் சர்வர் ஓடுமா என்று கேட்க நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, உள்ளே ஒவ்வொரு அடுப்பும் என்ன செய்கிறது என்று வரிசையாகப் பார்த்தேன். முப்பத்தொன்று அணைந்து கிடந்தன. ஒன்றே ஒன்று எரிந்துகொண்டிருந்தது. நான்கு கடைகளின் அத்தனை பில்லும் அந்த ஒன்றின் பின்னால் கைகட்டி நின்றன. அவற்றை நிறுத்தி வைத்திருப்பது எது என்று தேடினேன். ‘போணி’ என்று காட்டியது. திறந்தவர் பெயர், பொன்னி.

பரணிக்கு ஃபோன் போட்டேன். ஏதோ மீட்டிங்கிலிருந்து எழுந்து வந்து பேசினான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. போணி முடிகிறவரை யாரும் பில் போடவே கூடாது என்றுதான் அக்கா முதலில் கேட்டாராம். அவசரமாக வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று இவன் வாதாடி, கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள். போணித் திரை திறந்திருக்கும்வரை மற்றவர்கள் அக்காவுக்குப் பின்னால் ஒவ்வொருவராகத்தான் போகலாம். மூடியதும் வழி திறந்துவிடும், எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து போகலாம்.

"அக்காதான் அஞ்சு நிமிஷத்துல மூடிட்டு காபி குடிக்கப் போயிடுவாங்களே. அதனால நான் அப்ப பெருசா யோசிக்கல" என்றவன் சட்டென்று நிறுத்தினான். "ஜெயஸ்ரீ, அக்காதான் இல்லையே. அப்ப அந்தத் திரைய நாள் முழுக்க யாரு தொறந்து வெச்சிருக்கா?"

அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போன வருடத்திலிருந்து பில் ஏன் மெதுவாக விழுந்தது என்பதும், போணியே இல்லாத ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் பறந்தது என்பதும். பழைய பெட்டிக்குத் தீ பெரியது. ஒவ்வொருவராகப் போனாலும் வேகமாகத் தள்ளிவிட்டு ஊமையாக இருந்துவிட்டது. புதியதுக்கு அந்த வித்தை தெரியாது. எல்லோரும் சேர்ந்து போனால்தான் அதற்குப் பிழைப்பு.

கீழே வந்து சாரிடம் கண்ணாடி அறையைக் கொஞ்சம் திறக்க வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் கேள்வியை விட்டுவிட்டு சாவியை எடுத்தார்.

உள்ளே அக்காவின் மேஜையில் தூசி இல்லை. திரை எரிந்துகொண்டிருந்தது. காலையில் போட்ட நூல்கண்டு பில், அதன் கீழே ‘போணியை மூடவா?’ என்ற கேள்வி. வலது பக்கம் ஒரு பட்டியல். எந்தக் கிளையில் யார் வந்துவிட்டார்கள், யார் இன்னும் தூங்குகிறார்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்ப்பதற்காக அக்கா போடச் சொன்ன பட்டியல் அது. வேறு எந்தத் திரையிலும் வராது. அதில் முதல் வரி பச்சை எழுத்தில் இருந்தது.

பொன்னி – இருக்கிறார்.

சார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கேட்காமலே அவரே சொன்னார். காரியம் முடிந்து கடை திறந்த அன்றைக்குக் குப்பன் வந்து நின்றிருக்கிறார். போணி ஆக வேண்டுமே என்று இவர் உட்கார்ந்து அவள் பெயரை அடித்திருக்கிறார். அடித்ததும் இந்த வரி வந்திருக்கிறது. மூடப்போனால், ‘பொன்னி வெளியேறினார்’ என்று வரும் என்பது அவருக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து தினமும் பார்த்ததுதான். கை வரவில்லை.

"சாயங்காலம் கடை மூடுறப்ப எல்லார் பேரும் சேர்ந்துதான் போவுது. அது பரவால்லம்மா. அவ மட்டும் தனியா போறத என்னால பாக்க முடியல."

எனக்குக் கண் கரித்துக்கொண்டு வந்தது. ராசி அது இது என்று மனதுக்குள் இவரைத் திட்டியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இந்தத் திரை திறந்திருப்பதால்தான் நான்கு கடையும் நிற்கிறது, பெட்டியின்மேல் பழி இல்லை என்றேன். சாருடைய முகம் ஒடுங்கிப்போனதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. அவசரமாக இன்னொன்றையும் சொன்னேன்.

"பரணிகிட்ட சொல்லி மாத்திடலாம் சார். போணிய மூடினாலும் அக்கா பேர் போகாது. நாள் முழுக்க இங்கயே இருக்கற மாதிரி எழுதிடலாம். ஒரு நாள் வேலைதான்."

அது நடக்கக்கூடியதுதான். சாரும் அதைப் பிடித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் கண் திரையிலேயே இருந்தது. பிறகு தலையை நிமிர்த்திக் கண்ணாடி வழியே கடையைப் பார்த்தார். இந்த ஒரு வருடமாகப் போணி ஆனதும் கதவைப் பூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறவர், அந்த நேரத்துக் கடையை அங்கிருந்து பார்ப்பது அன்றைக்குத்தான். கவுண்டர்களில் ஆள்மேல் ஆள். வரிசையின் நடுவில், கையில் நூல்கண்டோடு, குப்பன் நின்றுகொண்டிருந்தார்.

"குப்பன் இன்னும் போகலியா?"

பைப்புக்கும், பைப் திரும்புகிற இடத்தில் மாட்டும் பெண்டுக்கும் அவர் போடச் சொன்ன பில் வரிசையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றேன். திங்கட்கிழமையிலிருந்து தினமும் அப்படித்தான் நிற்கிறார் என்பதையும் சொன்னேன். வாய்விட்டு ஒரு சொல் கேட்கவில்லை அவர். சைட்டில் ஆட்கள் காத்திருப்பார்கள். இருந்தும் எதிர்க்கடைக்குப் போகவில்லை.

"போணி பண்ணவன நிக்க வெச்சிருக்கமா?" என்று சார் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. "நாலு நாளாவா? அவ இருந்தா என்ன சும்மா விட்டிருப்பாளா?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பெயரை மட்டும் நிறுத்தி வைப்பதைப் பற்றி நான் மறுபடியும் ஆரம்பித்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். எழுதி வைத்த பெயர் வெறும் பெயர்தான், இத்தனை நாள் அவளே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது, அது வேறு இது வேறு என்றார். பட்டியலின் முதல் வரியின்மேல் விரலை வைத்து, தூசி துடைப்பதுபோல ஒருமுறை தடவினார். அப்புறம் அந்தக் கேள்விக்கு ஆம் என்று அழுத்தினார்.

‘பொன்னி வெளியேறினார்’ என்று வந்தது. மேலே அந்தப் பெயர் இருந்த இடம் காலியாகி, கீழே இருந்த பெயர்கள் ஒரு வரி மேலே வந்தன.

அடுத்த நொடி கடையிலிருந்த அத்தனை பிரிண்டர்களும் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தன. அந்த மாதிரிச் சத்தத்தை அந்தக் கடையில் நான் கேட்டதே இல்லை. கவுண்டர்க்காரர்கள் பில்லைக் கிழித்துக் கொடுக்கக் கை போதாமல் திணறினார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து ஃபோனில், வந்துடுச்சு வந்துடுச்சு என்று யாரோ கத்தினார்கள். நான் நான்கு நாட்களாக இதற்குத்தான் செத்துக்கொண்டிருந்தேன். வந்தபோது சந்தோஷப்பட முடியவில்லை. சார் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்.

பிறகு எழுந்து வெளியே போனார். கவுண்டருக்குள் நுழைந்து குப்பனுடைய பில்லைத் தானே கிழித்து எடுத்தார். பைப்பையும் பெண்டுகளையும் தானே எண்ணிப் பையில் போட்டுக் குப்பனிடம் கொடுத்தார். குப்பன் பதறிப்போய், நீ எதுக்குண்ணா இதெல்லாம் என்று வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். நடக்கத் திரும்பியவர் வழக்கம்போலக் கண்ணாடி அறையைப் பார்த்தார்.

"வர்ட்டாக்கா."

"அவ இல்ல குப்பா" என்றார் சார். "பொன்னி செத்துப்போயிட்டா."

கவுண்டரில் இருந்தவர்கள் கை அப்படியே நின்றது. பிரிண்டர்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. குப்பன் பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். சாருடைய கையைப் பிடித்து, பெயின்ட் டின் அடுக்கியிருந்த பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்பண்ணா?" என்று கேட்டார். "இன்னா ஆச்சு?"

பாடையைத் தூக்கியவர் கேட்கிற கேள்வியா இது என்று ஒரு கணம் எனக்குத் திக்கென்றது. குப்பன் அவர் கையை விடாமல், இப்போதுதான் சேதி கேட்டு வந்தவர்போல, முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"போன வருஷம் வைகாசில" என்று சார் சொல்ல ஆரம்பித்தார். "காலைல எழுந்து, நெஞ்சு என்னமோ பண்ணுதுன்னா."